வாகனம் ஓட்டும்போது கைபேசி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழகுநர் உரிமம் எடுக்க வருபவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சாலை விதிகளைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். சைகை, வளைவு, முந்துதல் பற்றிச் சொல்லும்போது பேசாமல் குறிப்பெடுப்பவர்கள்கூட, கைபேசி என்ற சொல் வந்ததும் கையைத் தூக்கிவிடுகிறார்கள். ஆட்கள் மாறினாலும் ஐயங்கள் மாறுவதில்லை என்பதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டம் பற்றிய பதில்கள் தமிழ்நாட்டில் வண்டி ஓட்டுபவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

ரெண்டு செகண்டு திரையைப் பார்த்தா என்ன சார் ஆகிடப் போகுது?

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. நீங்கள் சொல்லும் இரண்டு விநாடியில் அது 33 மீட்டரைக் கடந்திருக்கும். அதாவது வரிசையாக நிற்கும் மூன்று பேருந்துகளின் நீளத்தை நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கடந்திருக்கிறீர்கள். கண்ணை எடுத்த பிறகும் எதிரே இருப்பது இன்னதென்று புரியவும், கால் பிரேக்குக்குப் போகவும், பிரேக் பிடித்து வண்டி நிற்கவும் தனித்தனியாக நேரம் வேண்டும். அந்த நேரத்திலும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

தவிர, இரண்டு விநாடியோடு யாரும் நிறுத்துவதில்லை. அமெரிக்காவில் சரக்கு வண்டிகளுக்குள் படக்கருவி பொருத்தி நடத்தி 2009இல் வெளியான ஓர் ஆய்வில், விபத்தோ மயிரிழையில் தப்பிய நிகழ்வோ நேர்ந்த ஆறு விநாடிப் பொழுதுகளை எடுத்துப் பார்த்தார்கள். செய்தி தட்டிக்கொண்டிருந்த ஓட்டுநர்களின் கண் அந்த ஆறில் சராசரியாக 4.6 விநாடி திரையிலேயே இருந்திருக்கிறது. அவர்களுக்கான ஆபத்து, செய்தி தட்டாமல் ஓட்டியவர்களைப் போல் 23 மடங்கு என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. நம் நான்குவழிச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் 4.6 விநாடி என்பது 100 மீட்டருக்கும் சற்று மேல்.

செய்தி அனுப்புறது தப்புதான், ஒத்துக்கிறேன். பேசுறதுக்குக் காதும் வாயும்தானே வேணும்? கண்ணு ரோட்டுலதானே இருக்கு?

கண் சாலையில் இருப்பதும், கண்ட பொருள் மனத்தில் பதிவதும் ஒன்றல்ல. பேச்சில் ஆழ்ந்திருப்பவரின் பார்வை ஒரு பொருளின் மேல் நேராக விழுந்தும் அதை அவர் காணாமல் போவதுண்டு. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயரும் உடன் ஆய்வாளர்களும் 2001 முதல் ஓட்டுதல் பொறிகளில் (உண்மைச் சாலைக்குப் பதில் திரையில் சாலையைக் காட்டும் சிமுலேட்டர்கள்) செய்த சோதனைகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கைபேசியில் பேசியபடி ஓட்டியவர்கள் சைகை விளக்குகளைத் தவறவிட்டார்கள். தவறவிடாதவற்றுக்கும் தாமதமாகவே பிரேக் பிடித்தார்கள்.

வகுப்பில் நான் சொல்லும் இன்னொரு சோதனை நடப்பவர்களைப் பற்றியது. வாஷிங்டன் மாநிலத்துப் பல்கலைக்கழக வளாகம் ஒன்றில், ஒற்றைச் சக்கர மிதிவண்டியில் பளிச்சென்ற உடை அணிந்த கோமாளி ஒருவரைச் சுற்றிவர விட்டார்கள். அந்த வழியாக நடந்துவந்தவர்களிடம் பின்னர் கோமாளியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, தனியாகச் சும்மா நடந்தவர்களில் பாதிப் பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். கைபேசியில் பேசியபடி வந்தவர்களில் நான்கில் ஒருவரே பார்த்திருந்தார். கோமாளியே கண்ணில் படாதபோது, சாம்பல் நிறச் சாலையில் குறுக்கே ஓடும் சாம்பல் நிற நாய் எப்படிப் படும்?

பக்கத்து சீட்ல இருக்கிறவங்களோட பேசிக்கிட்டேதானே எல்லாரும் ஓட்டுறோம்? அதுக்கு மட்டும் தடை இல்லையே?

நல்ல கேள்வி, இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் வாதத்துக்காகவே கேட்டாலும், பதில் சொல்லத் தகுந்தது. பக்கத்தில் இருப்பவர் அதே சாலையைப் பார்க்கிறார். லாரி குறுக்கிட்டால் அவரும் பேச்சை நிறுத்துகிறார், சில வேளைகளில் உங்களுக்கு முன்பே “பார்த்து, பார்த்து” என்கிறார். மறுமுனையில் இருப்பவருக்கு உங்கள் சாலை தெரியாது. நீங்கள் வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும் அதே நொடியில் அவர் கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் எவ்வளவு கொடுத்தோம் என்று கேட்பார். நீங்கள் பதில் சொல்லாவிட்டால் “ஹலோ, ஹலோ” என்று இன்னும் வற்புறுத்துவார்.

முன்சொன்ன யூட்டா குழுவினர் 2008இல் இதைச் சோதித்தார்கள். ஓட்டுதல் பொறியில் நெடுஞ்சாலையில் சென்று, குறிப்பிட்ட ஓர் ஓய்விடத்தில் இறங்கும்படி சொல்லியிருந்தார்கள். அருகில் இருந்த நண்பரோடு பேசியபடி ஓட்டியவர்களில் மிகப் பெரும்பாலோர் சரியாகத் திரும்பினார்கள். கைபேசியில் பேசியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அந்தத் திருப்பத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். ஓட்டுநரின் தோளைத் தட்டித் தட்டி வீடியோ காட்டும் பயணி இந்தக் கணக்கில் சேரமாட்டார். அவரும் ஒரு கைபேசிதான்.

காரில் ப்ளூடூத் இருக்கு. கையே படாம பேசுறேன். இது பாதுகாப்புதானே?

கை விடுபடுகிறது என்பது உண்மை. ஆனால் இரண்டாம் கேள்வியில் சொன்ன இழப்பு கையால் வருவது அன்று. அது பேச்சால் வருகிறது. கனடாவின் டொரொண்டோவில், விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் தொலைபேசிக் கட்டணப் பதிவுகளை விபத்து நேரத்தோடு ஒப்பிட்டு 1997இல் வெளியிட்ட ஆய்வு, கைபேசியில் பேசும் வேளையில் மோதலுக்கான வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது என்று கண்டது. ஆஸ்திரேலியாவின் பெர்த்தில், விபத்துக்குப் பின் மருத்துவமனைக்கு வந்த 456 ஓட்டுநர்களை வைத்துச் செய்து 2005இல் வெளியான ஆய்வும் அதே நான்கு மடங்கைக் கண்டது. இரண்டிலும், கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கு ஆபத்து குறைந்திருக்கவில்லை.

ஆகவே ப்ளூடூத் உங்களை அபராதத்திலிருந்து காப்பாற்றக்கூடும். விபத்திலிருந்து காப்பாற்றும் என்று நான் சொல்லமாட்டேன். “வண்டியில் இருக்கிறேன், அப்புறம் கூப்பிடுகிறேன்” என்று ஒரு வரியில் முடிக்க அது உதவுகிறது. அதற்கு மேல் நீளும் பேச்சு எதுவானாலும் வண்டி நின்ற பிறகு பேச வேண்டியதே.

பைக்ல போறப்போ ஹெல்மெட்டுக்குள்ள போனைச் செருகிக்கிட்டா ரெண்டு கையும் ப்ரீயா இருக்கும்ல?

நம் ஊர்ச் சாலைகளில் தினமும் காணும் காட்சி இது. தலைக்கவசம் இல்லாதவர்கள் தோளுக்கும் கன்னத்துக்கும் இடையில் இடுக்கிக்கொள்கிறார்கள். துப்பட்டாவை இறுக்கிக் கட்டி அதற்குள் வைத்துக்கொள்பவர்களும் உண்டு. தலைக்கவசம் தலையை எல்லாப் பக்கமும் ஒட்டிப் பிடித்தால்தான் அடியின் விசையைப் பரப்பி உள்வாங்கும். அதன் உட்பஞ்சை நெருக்கிக்கொண்டு கண்ணாடியும் உலோகமுமான ஒரு தகட்டைக் கன்ன எலும்போடு ஒட்டவைத்தால், விழும்போது அந்தத் தகடு எந்தப் பக்கம் அழுந்தும் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு காது முழுவதும் அடைபடுவதால் அந்தப் பக்கத்து ஒலிப்பானும் கேட்காது.

கையில் பிடித்துப் பேசுபவர்களுக்கும் இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். வலக்கை ஆக்சிலரேட்டரில் இருப்பதால் எல்லோரும் கைபேசியை இடக்கையில்தான் பிடிக்கிறார்கள். கியர் இல்லாத ஸ்கூட்டரில் பின்சக்கர பிரேக் இருப்பது அந்த இடக்கைப் பிடியில். திடீரென்று நிறுத்த நேர்ந்தால் வலக்கையால் முன் பிரேக்கை மட்டும் இறுக்குவார்கள். மணல் கிடக்கும் வளைவில் முன்சக்கரம் வழுக்க அது போதும். இது ஆய்வில் படித்ததன்று. எங்கள் தெருமுனையில் ஒருவர் விழுந்தபோது அருகில் நின்று பார்த்தேன். அவர் எழுந்ததும் முதலில் தேடியது கைபேசியைத்தான்.

சிக்னல்ல வண்டி நிக்குது. அப்போ வாட்ஸ்அப் பார்த்தா யாருக்கு என்ன நஷ்டம்?

சட்டத்தில் சிவப்பு விளக்குக்கென்று தனி விலக்கு எதுவும் இல்லை. அங்கே நிற்பதும் பயணத்தின் பகுதிதான், ஓட்டுநரின் இருக்கையில் இருப்பவரும் நீங்கள்தான். இதைவிட முக்கியம், கைபேசியைக் கீழே வைத்த அந்தக் கணமே மனம் சாலைக்குத் திரும்பிவிடுவதில்லை என்பது. 2015இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கார்களிலும் கைபேசிகளிலும் உள்ள குரல்வழி அமைப்புகளைப் பயன்படுத்தி முடித்த பிறகும் கவனச்சிதறல் நீடிப்பதை அளந்தார்கள். மிக மோசமானவற்றில் அது 27 விநாடி வரை நீடித்தது.

பச்சை விழுந்ததும் முதல் பத்து விநாடியில் என்ன நடக்கிறது என்று எந்தச் சந்திப்பிலும் நின்று பாருங்கள். சிவப்பைத் தாண்டி வரும் கடைசி ஆட்டோ, பாதி சாலையில் மாட்டிக்கொண்ட மூதாட்டி, இடப்பக்கம் நுழையும் பைக் என்று எல்லாம் அப்போதுதான். நீங்கள் அப்போது மனத்தளவில் குடும்பக் குழுவில் வந்த செய்திக்குப் பதில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

குடிச்சிட்டு ஓட்டுறதும் இதுவும் ஒண்ணுன்னு சொல்றது கொஞ்சம் ஓவரா இல்ல?

ஒன்றேதான் என்று சொல்வது மிகை; ஒப்பிட இடமே இல்லை என்பதும் தவறு. யூட்டா குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில், 40 பேரை ஒரு முறை கைபேசியில் பேசியபடியும், இன்னொரு முறை இரத்தத்தில் மது 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராம் அளவுக்கு வரும்வரை குடிக்கவைத்தும் பொறியில் ஓட்டவிட்டார்கள். இந்தியாவில் சட்டம் ஏற்கும் உச்ச அளவு 30 மில்லிகிராம்தான் என்பதால், அவர்கள் நம் கணக்கில் நன்றாகவே குடித்தவர்கள். மது அருந்தியபோது அவர்கள் முன்வண்டியை நெருங்கி, முரட்டுத்தனமாக ஓட்டினார்கள். கைபேசியில் பேசியபோது தாமதமாக பிரேக் பிடித்தார்கள். அந்தச் சோதனையில் முன்வண்டியின் மேல் மோதியவர்கள் மூவர். மூவருமே கைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது மோதியவர்கள்.

வேறுபாடும் உண்டு. குடித்தவருக்குப் போதை தெளிய மணிக்கணக்காகும். கைபேசியை வைத்துவிட்டால் சிறிது நேரத்தில் தெளிந்துவிடலாம். ஆனால் குடித்துவிட்டு ஓட்டுவது தவறு என்று குடித்தவருக்கே தெரியும். கைபேசிக்காரருக்கு அந்தக் கூச்சம்கூட இருப்பதில்லை என்பது என் எண்ணம்.

சட்டத்துல இதுக்கு எந்தப் பிரிவு? எவ்வளவு பைன்?

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 184ஆம் பிரிவு, அபாயகரமாக ஓட்டுவதைப் பற்றியது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், ஓட்டும்போது கையில் பிடித்துப் பயன்படுத்தும் தொடர்புச் சாதனங்களைப் பயன்படுத்துவதையும், சிவப்பு விளக்கைத் தாண்டுவது, எதிர்த்திசையில் ஓட்டுவது ஆகியவற்றோடு சேர்த்து அந்தப் பிரிவில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. முதல் முறைக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்றாண்டுக்குள் மறுபடியும் செய்தால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

நடைமுறையில் பெரும்பாலோர் சந்திப்பது, அந்த இடத்திலேயே விதிக்கப்படும் இணக்கக் கட்டணத்தைத்தான், அதாவது நீதிமன்றம் போகாமல் கட்டி முடித்துக்கொள்ளும் தொகையைத்தான். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் திருத்தப்பட்ட பட்டியலின்படி அது முதல் முறைக்கு 1,000 ரூபாய், அடுத்த முறைக்கு 10,000 ரூபாய்.

பைன் கட்டிட்டா முடிஞ்சதா? லைசென்ஸுக்கு ஒண்ணும் ஆகாதே?

ஆகலாம். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 21ஆம் விதி, உரிமத்தை முடக்குவதற்கான காரணங்களில் ஓட்டும்போது கைபேசி பயன்படுத்துவதையும் சேர்த்திருக்கிறது. உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு, இந்தக் குற்றத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் உரிமத்தை முடக்கும்படி 2015இல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. 184ஆம் பிரிவின் கீழ் வரும் குற்றங்களுக்குக் காவலர் உரிமத்தைக் கைப்பற்றி, உரிமம் வழங்கிய அலுவலகத்துக்கு அனுப்பவும் 206ஆம் பிரிவு வழிசெய்கிறது. ஓட்டுவதையே பிழைப்பாகக் கொண்டவர்களுக்கு 1,000 ரூபாயைவிட இந்த மூன்று மாதம்தான் பெரிய அடி.

கேரளாவுல போன் பேசிக்கிட்டு ஓட்டுறது குற்றமில்லைன்னு ஹைகோர்ட்டே சொல்லிடுச்சாமே?

இந்தச் செய்தி இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2018 மே மாதத்தில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது உண்மை. ஆனால் அதில் எழுந்த கேள்வி, கேரளக் காவல் சட்டத்தின் 118(இ) பிரிவின் கீழ், பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிக்காமல் பேசியபடி ஓட்டிய ஒருவர் மேல் வழக்குப் போடலாமா என்பது மட்டுமே. அந்தப் பிரிவில் அதற்கு இடமில்லை என்றது நீதிமன்றம். அது கேரளத்துக்கு மட்டுமான ஒரு சட்டத்தைப் பற்றிய தீர்ப்பு. அதற்கு அடுத்த ஆண்டே 184ஆம் பிரிவு நாடு முழுவதற்கும் திருத்தப்பட்டுவிட்டது. காவலரிடம் இந்தத் தீர்ப்பைக் காட்டி வாதாட நினைப்பவர்களுக்கு என் அனுதாபம்.

மேப் பார்க்கலாம்னு கவர்மெண்டே விதி போட்டிருக்கே? அப்புறம் என்ன?

போட்டிருக்கிறது. 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம், ஓட்டும்போது கைபேசியை வழி காண்பதற்கு மட்டும், அதுவும் ஓட்டுநரின் கவனம் குலையாத முறையில் பயன்படுத்தலாம் என்கிறது. பலர் முதற்பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். கையில் பிடித்து, பெருவிரலால் வரைபடத்தைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பது கவனம் குலையாத முறை ஆகாது.

போகுமிடத்தைப் புறப்படும் முன்பே பதிந்துவிடுங்கள். கைபேசித் தாங்கியை முன்கண்ணாடியின் நடுவில் பார்வையை மறைக்கும்படி ஒட்டாமல், தலையைக் குனியாமல் ஒரே பார்வையில் தெரியும் உயரத்தில் வையுங்கள். குரல் வழிகாட்டலை இயக்கிவிட்டால் திரையைப் பார்க்கும் தேவையே பெரிதும் குறையும். வழி தப்பினால் தப்பட்டும். செயலி மாற்று வழி சொல்லும். வழி தப்பிவிட்டதே என்று நடுச்சாலையில் வேகம் குறைத்துத் திரையை நோண்டுபவர்களால்தான் பின்னால் வருபவர்களுக்குத் தொல்லை.

ஸ்டாண்டுல மாட்டி வீடியோ ஓடவிட்டா அது ‘கையில் பிடிக்கிறது’ இல்லையே? ஹெல்மெட்டுக்குள்ள வைச்சாலும் கையில இல்லையே?

சொல்லைப் பிடித்துக்கொண்டு வாதாடுபவர்களுக்கு அதே 184ஆம் பிரிவில் இன்னொரு வாசகம் காத்திருக்கிறது. திறமையும் கவனமும் உள்ள ஓர் ஓட்டுநரிடம் எதிர்பார்க்கப்படும் தரத்துக்கு வெகுவாகக் கீழே போய், அப்படி ஓட்டுவது ஆபத்து என்பது அத்தகைய ஓட்டுநருக்குத் தெளிவாகத் தெரியும் முறையில் ஓட்டுவதும் அபாயகரமான ஓட்டுதலே என்கிறது அது. வீடியோ பார்த்தபடி ஓட்டுவதை அந்த வாசகத்துக்கு வெளியே நிறுத்துவது கடினம். வழி காண்பதற்கு மட்டும் என்ற விதியைச் சற்று முன்புதான் பார்த்தோம்.

நான் காதைச் சொறிஞ்சேன், அதை போட்டோ எடுத்து சலான் அனுப்பிட்டாங்க. என்ன பண்றது?

அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்து, சலானில் உள்ள இடம், நேரம், படம் ஆகியவற்றைச் சரிபாருங்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் நீதிமன்றத்தில் மறுத்து வாதாட உங்களுக்கு உரிமை உண்டு. கட்டிவிட்டால் ஒப்புக்கொண்டதாகவே ஆகும். ஆனால் அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பாக (கைபேசியில் செயலியை நிறுவும் கோப்பு) வந்திருந்தால் திறக்கவே வேண்டாம். போக்குவரத்துச் சலான் என்ற பெயரில் வங்கிக் கணக்கைச் சூறையாடும் மோசடிக் கோப்புகள் ஏராளமாகச் சுற்றுகின்றன.

பேசிக்கிட்டே இடிச்சுட்டா இன்சூரன்ஸ் கிடைக்குமா? கேஸ் எப்படிப் போகும்?

நீங்கள் இடித்ததால் காயமடைந்தவருக்கோ, இறந்தவரின் குடும்பத்துக்கோ இழப்பீடு கிடைப்பதை உங்கள் கைபேசி தடுக்காது. மூன்றாம் நபருக்குப் பணம் தர மறுப்பதற்குக் காப்பீட்டு நிறுவனம் சொல்லக்கூடிய காரணங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 150ஆம் பிரிவு வரையறுத்திருக்கிறது. உரிமம் இல்லாமை, குடிபோதை போன்றவை அதில் உள்ளன, கைபேசி இல்லை. உங்கள் காரின் சொந்தச் சேதத்துக்கு உங்கள் ஒப்பந்த நிபந்தனைகளைப் பார்க்க வேண்டும். அடிபட்டவர் நீங்களாக இருந்து, பேசிக்கொண்டு ஓட்டியதும் நிரூபிக்கப்பட்டால், விபத்தில் உங்களுக்கும் பங்குண்டு என்று தீர்ப்பாயம் இழப்பீட்டைக் குறைக்கலாம்.

குற்ற வழக்கு தனி. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவு கண்மூடித்தனமாக ஓட்டுவதைக் குறிக்கிறது. கவனமின்மையால் மரணம் விளைவித்தால் 106(1) பிரிவின் கீழ் ஐந்தாண்டு வரை சிறை. பழைய சட்டத்தில் இது இரண்டாண்டாக இருந்தது. பேசவில்லை என்று சாதிப்பது எளிதன்று. அழைப்பு எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை விநாடி நீடித்தது என்பதைத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பதிவிலிருந்து காவல்துறை பெற முடியும். டொரொண்டோ ஆய்வாளர்கள் பயன்படுத்தியதும் இத்தகைய பதிவைத்தான்.

உணவு டெலிவரி பண்றேன் சார். போனைப் பார்க்காம இந்த வேலையே கிடையாது. எனக்கு என்ன வழி?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது மட்டும் எனக்குத் தயக்கம் வரும். ஓடும்போதே அடுத்த ஆர்டர் திரையில் வரும். சில விநாடிக்குள் ஏற்காவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும். வாடிக்கையாளர் இரண்டு முறை அழைப்பார், உணவகத்திலிருந்து ஒரு முறை அழைப்பார். அபராதம் மட்டும் ஓட்டுபவர் தலையில் விழுகிறது; கடிகாரத்தை ஓடவிட்ட செயலியை வடிவமைத்தவர்களுக்கு எதுவும் இல்லை. இது நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

ஆனால் சாலையில் விழுவது உங்கள் உடம்பு என்பதால், உங்கள் கையில் இருப்பதைச் சொல்கிறேன். உணவுப் பொட்டலத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் வழியைப் பார்த்து முதல் மூன்று திருப்பங்களை மனப்பாடம் செய்துவிடுங்கள். புறப்படும் முன்பே வாடிக்கையாளருக்கு “கிளம்பிவிட்டேன், ஓட்டும்போது போன் எடுக்க இயலாது, வாசலுக்கு வந்ததும் அழைக்கிறேன்” என்று எழுதி வைத்திருக்கும் செய்தியை ஒரே தட்டில் அனுப்பிவிடுங்கள். என் வகுப்புக்கு வந்த ஓர் இளைஞர் இப்படிச் செய்யத் தொடங்கிய பிறகு அழைப்புகள் பாதியாகிவிட்டதாகச் சொன்னார். அடுத்த ஆர்டர் ஓசை கேட்டால், வண்டியை ஓரங்கட்டிய பிறகே தொடுங்கள். சில ஆர்டர்கள் கைநழுவும். அதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

உணவு வரவழைப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும். முகவரியில் கோயிலையோ பள்ளியையோ அடையாளம் எழுதி, வீட்டு நிறத்தையும் குறிப்பிட்டுவிட்டால் அந்த இளைஞரை நடுச்சாலையில் அழைக்க வேண்டியிராது.

அவசரமான போன் வந்தா ஓரமா நிறுத்திப் பேசுன்னு சொல்றீங்க. பைபாஸ்ல ஓரமா நிறுத்துறதே ஆபத்து இல்லையா?

ஆம், ஆபத்துதான், இதைச் சொல்லாமல் வெறுமனே ஓரமாக நிறுத்துங்கள் என்று அறிவுரை சொல்பவர்கள் நெடுஞ்சாலையில் இரவில் ஓட்டாதவர்களாக இருக்க வேண்டும். சாலையோரம் நின்ற வண்டியின் மேல் லாரி மோதியது என்ற செய்தி நம் நாளிதழ்களில் வராத வாரம் குறைவு. சாலையோர வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்திலேயே நிற்பது நிறுத்தம் ஆகாது. பெட்ரோல் பங்க், சுங்கச்சாவடியை அடுத்த ஓய்விடம், வண்டி நிறுத்த இடமுள்ள டீக்கடை, அணுகுசாலை என்று, சாலையை விட்டு முழுவதும் விலகி நிற்கக்கூடிய இடம் வரும்வரை ஓட்டுங்கள். நான்குவழிச் சாலைகளில் பெரும்பாலும் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் அப்படி ஓரிடம் வந்துவிடும். மேம்பாலத்திலும், பாலத்திலும், வளைவிலும் எக்காரணம் கொண்டும் நிற்கவேண்டாம்.

அந்தப் பத்து நிமிடத்தை எந்த அவசரம் தாங்காது என்று எண்ணிப் பாருங்கள். மருத்துவமனையிலிருந்து வரும் செய்தியானாலும், ஓடும் வண்டியிலிருந்து உங்களால் செய்யக்கூடியது எதுவுமில்லை. கெட்ட செய்தியைக் கேட்டபடி ஓட்டுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். குடும்பத்தோடு ஓர் ஏற்பாடு செய்துகொள்ளலாம்: சாதாரண அழைப்பு ஒருமுறை, அவசரம் என்றால் அடுத்தடுத்து மூன்று முறை. மூன்றாவது மணி கேட்டால், இடம் தேடி நிறுத்துங்கள்.

பஸ் டிரைவர் போன் பேசிக்கிட்டே ஓட்டுறார். பயணியா நான் என்ன செய்ய முடியும்?

ஓடும் பேருந்தில் ஓட்டுநரிடம் போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம். ஏற்கெனவே பாதியாகிவிட்ட கவனத்தை நீங்களும் பங்குபோடுவீர்கள். நடத்துநரிடம் சொல்லுங்கள், இரண்டு மூன்று பேர் சேர்ந்து சொன்னால் பெரும்பாலும் பலன் உண்டு. கேட்காவிட்டால் வண்டி எண், தடம், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு போக்குவரத்துக் கழகத்தில் புகார் கொடுங்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றும்படி ஓட்டினால் 112ஐ அழைக்கலாம். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033 உள்ளது.

அரசாங்கக் கணக்குல போனால நடந்த விபத்து கொஞ்சம்தானே? ஓவர் ஸ்பீடுதானே அதிகம்?

கணக்கைப் படித்துவிட்டுக் கேட்பவர்கள் மிகச் சிலர். அவர்களை எனக்குப் பிடிக்கும். மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் நாட்டில் 4,61,312 விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள்; விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்று தமிழ்நாடே முதலிடம். இறப்புகளில் 70 விழுக்காட்டுக்கும் மேல் அதிவேகம் என்ற தலைப்பில் சேர்ந்திருக்கிறது. கைபேசிக்கு மிகச் சிறிய பங்கே.

ஆனால் அந்தப் பட்டியல் எப்படி உருவாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். விபத்து நடந்த இடத்துக்கு வரும் காவலர் தமக்குத் தெரிந்த காரணத்தை எழுதுகிறார். வண்டி நசுங்கிய விதம் வேகத்தைச் சொல்லிவிடும். கைபேசியோ பையிலோ புதரிலோ கிடக்கும். பேசிக்கொண்டிருந்தேன் என்று ஓட்டுநர் தாமாகச் சொல்வாரா? இறந்துவிட்டவர் சொல்லவும் முடியாது. வேகமாகவும் ஓட்டி, பேசவும் செய்தவர் வேகத்தின் கணக்கில் சேர்ந்துவிடுவார். ஆகவே அந்தச் சிறிய பங்கை உண்மையின் கீழ்வரம்பு என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

என் வீட்டுக்காரர் எவ்வளவு சொன்னாலும் கேக்க மாட்டேங்கிறார். ஓட்டும்போது போனை எடுக்காம இருக்க வைக்க ஏதாவது வழி இருக்கா?

கருவியளவில் வழி உண்டு. பெரும்பாலான கைபேசிகளில் ஓட்டும்போது அறிவிப்புகளை அடக்கி வைக்கும் அமைப்பு இருக்கிறது. அழைப்பவருக்கு “வண்டி ஓட்டுகிறேன்” என்று தானே பதில் அனுப்பும் வசதியும் பலவற்றில் உண்டு. ஒருமுறை அமைத்துக் கொடுத்துவிட்டால் அவர் செய்ய வேண்டியது எதுவுமில்லை. இருசக்கர வண்டியானால் கைபேசியைச் சட்டைப் பையில் வைக்காமல் இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டியில் போட்டுப் பூட்டுவது இன்னும் எளிது.

இதைக் கேட்ட அம்மையாரிடம், கணவர் ஓட்டும்போது அதிகம் அழைப்பது யார் என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, “சாயங்காலம் ஆறரைக்கு நான்தான், வரும்போது பால் வாங்கிட்டு வரச் சொல்ல” என்றார். ஆறு மணிக்கு அவர் அலுவலகத்திலிருந்து இறங்கும் முன் ஒரு செய்தியாக அனுப்பிவிடும்படி சொன்னேன். அதற்குப் பிறகும் அழைக்க நேர்ந்தால், அவர் எடுத்ததும் முதலில் கேட்க வேண்டியது “வண்டியில் இருக்கிறீர்களா?” என்பது, ஆம் என்றால், மறுபேச்சில்லாமல் நீங்களே துண்டித்துவிடுங்கள்.